பன்னிருமுகியின் பயன் என்ன?

மண்ணிலிருந்து எடுக்கப்படும் பழம்பொருள் ஒன்றின் காலத்தை இன்றைய அறிவியல் பெரும்பாலும் கணித்துவிடுகிறது. அது எந்த உலோகக் கலவையால் ஆனது, எம்முறையில் வார்க்கப்பட்டது என்பவற்றையும் ஆய்வகங்கள் சொல்லிவிடுகின்றன. ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்ற, சிறு பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்விக்கு மட்டும் எந்த ஆய்வுக்கருவியும் நேரடியாக விடை தருவதில்லை. எடை, நிறம், கடினம் போலப் பயன் பொருளோடு ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. அது செய்தவரின் நோக்கத்திலும் கையாண்டவரின் பழக்கத்திலும் இருந்து, அவர்களோடு சேர்ந்து மறைந்துபோகிறது. எனவே தொல்லியலார் ஊகித்தே ஆகவேண்டியிருக்கிறது. அவ்வாறு ஊகிக்கும்போது, ஒரு பொருளைக் கொண்டு என்னென்ன செய்ய முடியும் என்ற கேள்விக்குக் கிடைத்த விடையை, அது எதற்காகச் செய்யப்பட்டது என்ற கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொள்வதே மிகப் பரவலான பிழை. இந்தப் பிழை எத்தனை வடிவங்களில் நேரக்கூடும் என்பதைக் காட்டுவதற்கு ரோமானியப் பன்னிருமுகியைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை.

பன்னிருமுகி என்பது சமமான பன்னிரண்டு ஐங்கோண முகங்களைக் கொண்ட கனவடிவம். ரோமானியர் காலத்துப் பன்னிருமுகிகள் செம்புக் கலவையில், உள்ளே வெறுமையாக, மெல்லிய சுவர்களோடு வார்க்கப்பட்டவை; ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஒரு வட்டத் துளை இருக்கும்; அத்துளைகள் ஒரே அளவில் இராமல் முகத்துக்கு முகம் மாறும்; முகங்கள் சந்திக்கும் இருபது மூலைகளிலும் ஒவ்வொரு சிறு குமிழ் பொருத்தப்பட்டிருக்கும். மிகச் சிறியவை ஏறத்தாழ 4 செ.மீ. குறுக்களவும் பெரியவை 11 செ.மீ. வரையும் உள்ளன. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் 1739இல் கிடைத்த ஒன்றே முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. அதன் பிறகு இன்றுவரை சுமார் 130 கிடைத்துள்ளன. காலம் கணிக்க முடிந்தவை யாவும் பொ.ஆ. 2ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. சாலை, வரி, சமையல், போர், மருத்துவம் என ஏறக்குறைய எல்லாவற்றைப் பற்றியும் எழுதிவைத்த ரோமானியர், இந்தப் பொருளைப் பற்றி எங்கும் ஒரு சொல்கூட எழுதவில்லை என்பதும், அவர்களுடைய ஓவியத்திலோ சிற்பத்திலோ பன்னிருமுகியை ஏந்திய ஒருவர்கூடக் காணப்படவில்லை என்பதும் இந்தப் புதிரின் வேர்.

விடைகளுக்குப் பஞ்சமில்லை. மெழுகுவர்த்தித் தாங்கி, பகடைக்காய், தொலைவு அளக்கும் கருவி, விதைப்புக்கு உரிய நாளைக் கணிக்கும் கருவி, நாணய அளவி, செங்கோலின் தலைப்பகுதி, கையுறை பின்னும் அச்சு என ஐம்பதுக்குக் குறையாத விளக்கங்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. பொறியாளர்கள் அதை அளவைக் கருவியாகவும், கைவினைஞர்கள் அச்சாகவும், கணித ஆசிரியர்கள் வடிவியலின் வெளிப்பாடாகவும் காண்கின்றனர். இதைக் கவனித்தால், பொருளைக் காட்டிலும் பார்ப்பவரின் தொழிலே விடையைத் தீர்மானிக்கிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

அண்மைக் காலத்தில் மிகவும் புகழ்பெற்ற விளக்கம் கையுறை பற்றியது. மூலைக் குமிழ்களில் நூலைச் சுற்றி, துளை வழியே உள்ளிழுத்துப் பின்னினால் விரலுறை போன்ற குழாய் வடிவத் துணி உண்டாகிறது. துளைகள் பல அளவில் இருப்பது விரல்களின் பருமனுக்கு ஏற்பத்தான் என்பது இதன் வாதம். செய்து காட்ட முடிகிற விளக்கமாதலால் இது பலரையும் கவர்ந்தது. எனினும் இம்முறையில் பின்னப்படும் குழாயின் சுற்றளவை நிர்ணயிப்பவை குமிழ்களின் எண்ணிக்கையும் இடைவெளியுமே. துளையின் விட்டம் அன்று. எல்லா முகங்களையும் சுற்றி ஐந்து குமிழ்களே சம இடைவெளியில் இருப்பதால், எந்தத் துளை வழியாகப் பின்னினாலும் குழாய் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வரும். துளைகள் ஏன் வேறுபடுகின்றன என்பதை விளக்குவதற்காகவே எழுந்த கருத்து, அந்த வேறுபாட்டையே விளக்காமல் நின்றுவிடுகிறது. மேலும், நூல் ஓடிய தேய்மானம் குமிழ்களில் காணப்படவில்லை. இவ்வகைப் பின்னல் ரோமானியர் காலத்து ஐரோப்பாவில் வழக்கில் இருந்ததற்கும் சான்றில்லை. நான்கு மரமுளைகள் செய்யும் வேலைக்கு இவ்வளவு அரிய வார்ப்புப் பொருள் எதற்கு என்ற கேள்வியும் எஞ்சுகிறது.

அளவைக் கருவி என்ற கருத்து இதனினும் உறுதியானதுபோல் தோன்றும். எதிரெதிர் முகங்களில் உள்ள இரு துளைகளின் அளவு வேறுபடுவதால், ஒன்றின் வழியே மற்றொன்றை நோக்கும்போது, உயரம் தெரிந்த ஒரு கம்பம் எவ்வளவு தொலைவில் இருந்தால் துளையை முழுதும் நிரப்பும் என்று கணக்கிடலாம். கணக்கில் குற்றமில்லை. ஆனால் அளவைக் கருவி என்பது இரண்டு ஊர்களில் ஒரே விடையைத் தரவேண்டியது. பன்னிருமுகிகளிலோ எந்த இரண்டும் ஒரே அளவில் இல்லை. அளவைக் காட்டும் எண்ணோ கோடோ குறியீடோ அவற்றின் மேல் பொறிக்கப்படவில்லை. படையினரின் கருவி என்றால் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. ரோமானியப் படைகள் சிரியா முதல் வட ஆப்பிரிக்கா வரை நின்றன. பன்னிருமுகிகளோ இன்றைய பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி ஆகிய வடமேற்குப் பகுதிகளில் மட்டுமே கிடைக்கின்றன. பேரரசின் தாயகமான இத்தாலியில் ஒன்றும் இல்லை, ஸ்பெயினிலும் இல்லை. தொலைவை அளக்கும் தேவை வடமேற்கில் மட்டுமே இருந்தது என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இந்த நில எல்லையோடு ஓரளவு பொருந்துவது, பலராலும் எளிதாகத் தள்ளப்படும் மெழுகுவர்த்தித் தாங்கி விளக்கமே என்பதைச் சுட்டவேண்டும். ஒலிவ எண்ணெய் தாராளமாகக் கிடைத்த மத்தியதரைக் கடற்கரையில் அகல்விளக்கே வழக்கம். எண்ணெயைத் தொலைவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்த வடக்கில் கொழுப்பாலும் மெழுகாலும் ஆன திரிகளுக்கு இடம் அதிகம். ஒரு பன்னிருமுகியின் உள்ளே மெழுகின் எச்சம் கண்டறியப்பட்டதும் உண்டு. ஆயினும் அந்த மெழுகு வேறு வழியிலும் வந்திருக்கலாம். இப்பொருள்கள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை என்றே கருதப்படுகிறது. ஒரு திரியைத் தாங்குவதற்குப் பன்னிரண்டு துளைகளும் இருபது குமிழ்களும் வேண்டியதில்லை என்பது வேறு.

ஜெர்மனியின் ஆர்லோஃப் என்னும் இடத்தில் கிடைத்த ஒரு பொருள் இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை. பல ஆண்டுகள் அருங்காட்சியகத்தில் பன்னிருமுகி என்ற பெயரிலேயே வைக்கப்பட்டிருந்த அதன் முகங்களைக் கணித அறிஞர் பென்னோ ஆர்ட்மன் எண்ணிப் பார்த்தபோது, அது முக்கோண முகங்கள் இருபதைக் கொண்ட இருபதுமுகி என்று தெரியவந்தது. பன்னிரண்டு மாதங்கள், பன்னிரண்டு இராசிகள் என எண்ணை அடிப்படையாகக் கொண்டு விளக்கம் கட்டுவோர், இந்த உடன்பிறப்பை என்ன செய்வது என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்ணெதிரே இருக்கும் பொருளின் முகங்களை எண்ணாமலே பெயரிட்டு, அப்பெயரைப் பிறகு வந்தோரும் நம்பினர் என்பது, ஊகத்துக்கு முந்திய கட்டமான விவரிப்பு எவ்வளவு கவனக்குறைவாக நடந்துவிடக்கூடும் என்பதையும் காட்டுகிறது.

எல்லாப் புதிர்களும் இவ்வாறு நின்றுவிடுவதில்லை. கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவருகே 1900இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் ஒரு பழங்காலக் கப்பலின் சிதைவைக் கண்டனர். அதிலிருந்து வெண்கலச் சிலைகளோடு கரைசேர்ந்த ஓர் அரிப்புண்ட கட்டியில் பற்சக்கரம் இருப்பதை 1902இல் வாலேரியோஸ் ஸ்தாயிஸ் என்ற தொல்லியலார் கவனித்தார். பொ.ஆ.மு. காலத்துக் கப்பலில் பற்சக்கரப் பொறி இருக்க முடியாது என்றே பலர் கருதினர். டெரெக் டி சொல்லா பிரைஸ் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர் 1950களில் தொடங்கி அதனை ஆராய்ந்தார். 1970களில் எக்ஸ் கதிர்ப் படங்களும், 2005இல் பொருளை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஊடுகதிர் வரைவும் உள்ளிருந்த சக்கரங்களை வெளிக்காட்டின. ஒரு பெரிய சக்கரத்தில் 223 பற்கள் இருந்தது தற்செயலன்று. கிரகணங்கள் ஒத்த வரிசையில் மீண்டும் நிகழ 223 சந்திர மாதங்கள் ஆகும் என்பது பழங்கால வானியலார் அறிந்த கணக்கு. சக்கரங்களின் பற்களும் தகடுகளில் பொறிக்கப்பட்ட கிரேக்க எழுத்துகளும் ஒன்றையொன்று உறுதிசெய்ததால், அது சூரிய சந்திரரின் இயக்கத்தையும் கிரகணங்களையும் கணித்த பொறி என்ற முடிவு இன்று ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பன்னிருமுகியைவிடப் பலமடங்கு சிக்கலான பொருள் விளங்கிவிட்டது, எளிய பொருள் விளங்கவில்லை என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை; சிக்கல் மிகுந்த பொருளில் செய்தவரின் தேர்வுகள் அதிகம் பதிந்திருக்கின்றன, ஒவ்வொரு தேர்வும் பிழையான விளக்கங்களில் சிலவற்றை விலக்குகிறது.

எழுத்தும் எண்ணும் இல்லாத பொருள்களில் அந்த வேலையைச் செய்வது தேய்மானம். ஒரு கருவி மரத்தில் பட்டதா, தோலில் பட்டதா, எலும்பில் பட்டதா என்பதற்கு ஏற்ப அதன் விளிம்பில் உண்டாகும் மெருகும் கீறல்களும் வேறுபடுகின்றன. இதனை நுண்ணோக்கியின் வழியே முறைப்படி ஆராயும் துறைக்கு அடித்தளமிட்டவர், லெனின்கிராடில் பணியாற்றிய செர்கேய் செம்யோனவ். அவரது நூல் 1957இல் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. இம்முறை நம்பத்தக்கதா என்பதையே சோதித்துப் பார்த்ததுதான் இத்துறையின் சிறப்பு. 1970களில் மார்க் நியூகமர் என்பவர் கற்கருவிகள் சிலவற்றைச் செய்து, பலவித வேலைகளுக்குப் பயன்படுத்தி, விவரம் எதுவும் சொல்லாமல் லாரன்ஸ் கீலியிடம் கொடுத்தார். கருவியின் எந்தப் பகுதி பயன்பட்டது என்பதைக் கீலி பெரும்பாலும் சரியாகச் சொன்னார். எந்தப் பொருளின்மேல் பயன்பட்டது என்பதில் அவருக்குத் தவறுகள் கூடுதலாக நேர்ந்தன. தன் ஊகத்தின் பிழையளவைத் தானே வெளியிட்ட அந்தச் சோதனை, வாதத் திறமையால் நிறுவப்பட்ட பல விளக்கங்களைவிட மதிப்புமிக்கது.

தேய்மானத்தோடு, வாழும் கைவினைஞரின் அறிவும் சேரும்போது விடை இன்னும் உறுதிப்படுகிறது. பிரான்சின் தோர்தோன் பகுதியில், நியாண்டர்தால் மனிதர் வாழ்ந்த இரு இடங்களில், மான் விலா எலும்பின் நுனியை உருட்டித் தேய்த்துச் செய்த சிறு துண்டுகள் சில கிடைத்தன. அவை ஏறத்தாழ 50,000 ஆண்டுப் பழமையானவை என 2013இல் அறிவிக்கப்பட்டது. விலா எலும்பின் வளையும் தன்மையைப் பயன்படுத்தி, பதப்படுத்திய தோலின்மேல் அழுத்தித் தேய்த்து, அதை மிருதுவாகவும் நீர் ஊறாததாகவும் ஆக்கும் இழைப்பான்கள் அவை. அதே வடிவக் கருவியை ஐரோப்பியத் தோல் தொழிலாளர் இன்றும் கையாளுகின்றனர். நுனியின் தேய்மானமும் தோல் வேலைக்குரிய தேய்மானத்தோடு ஒத்திருந்தது.

ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2015இல் கிடைத்த தந்தத் துண்டு இதே வழியில் விளங்கியது. ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுள்ள அதில் நான்கு துளைகளும், ஒவ்வொரு துளைக்குள்ளும் திருகுச் சுற்றாகச் செதுக்கிய பள்ளங்களும் இருந்தன. துளையிட்ட இத்தகைய தண்டுகளை முந்தைய அறிஞர்கள் தலைவரின் அதிகாரக் கோல் என்றும், ஈட்டித் தண்டை நிமிர்த்தும் கருவி என்றும், அலங்காரப் பொருள் என்றும் பலவாறு கூறிவந்தனர். நிக்கோலஸ் கோனார்டும் வீர்லே ரோட்ஸும் துளைகளின் தேய்மானத்தையும் ஒட்டியிருந்த தாவர எச்சத்தையும் ஆராய்ந்து, அது கயிறு திரிக்கும் கருவி என்று கருதினர். அதன் படியைச் செய்து, சம்புப் புல்லின் நார்க்கற்றைகளைத் துளைக்கு ஒன்றாகச் செலுத்தி, நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துத் திரித்தபோது, 10 நிமிடத்தில் 5 மீட்டர் வலுவான கயிறு கிடைத்தது. கையுறை பின்னிக் காட்டியதும் செய்முறைதான், கயிறு திரித்துக் காட்டியதும் செய்முறைதான் என்று ஒருவர் கேட்கலாம். கயிற்றின் விஷயத்தில் செய்முறைக்கு முன்பே தேய்மானமும் எச்சமும் அத்திசையைக் காட்டியிருந்தன. திருகுப் பள்ளங்கள் ஏன் இருக்கின்றன என்பதற்கும் அந்த விளக்கத்தில் இடம் இருந்தது.

பொருள் எங்கே, எதனோடு கிடைத்தது என்பதும் வடிவத்துக்கு இணையான சான்று. இங்கிலாந்தின் ஃபிஷ்போர்ன் ரோமானிய மாளிகை அருங்காட்சியகத்தில், உடைந்த மட்பாண்டத்தை வட்டமாகத் தேய்த்துச் செய்த சிறு வில்லைகள் விளையாட்டுக் காய்கள் என்று நெடுங்காலம் கருதப்பட்டன. பண்டைக் கிரேக்க, ரோமானியக் கழிப்பிடங்களில் இத்தகைய ஓட்டுச் சில்லுகளைத் துடைத்துக்கொள்ளப் பயன்படுத்தினர் என்று 2012இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை சான்றுகளோடு எடுத்துக்காட்டிய பிறகு, அந்த அருங்காட்சியகத்தாரும் தம் வில்லைகளைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. கீழடி உள்ளிட்ட தமிழக அகழாய்வுகளிலும் இதே உருவத்தில் வட்டச் சில்லுகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. பாண்டி ஆட்டத்தில் எறியும் சில்லோடு ஒப்பிட்டு அவை விளையாட்டுப் பொருள்கள் எனப்படுகின்றன. நடுவில் துளை இருந்தால் நூல் நூற்கும் தக்களியின் வில்லை என்று கொள்ளவும் இடமுண்டு. தமிழகத்தில் பாண்டி ஆட்டம் தெருவில் உயிரோடு இருப்பதால் இந்த ஒப்பீட்டுக்கு வலு உண்டு. ஆனால் அந்த வலு வட்ட வடிவத்திலிருந்து வரவில்லை என்பதை ஃபிஷ்போர்ன் வில்லைகள் நினைவூட்டுகின்றன.

பயன்பாட்டை ஊகிப்பதற்கு முன்பு, அது மனிதர் செய்த பொருள் என்று அறிந்துகொள்வதற்கே பல நூற்றாண்டுகள் ஆன கதையும் உண்டு. உழும்போது கிடைத்த வழவழப்பான கற்கோடரிகளை ஐரோப்பிய உழவர் இடியோடு வானிலிருந்து விழுந்தவை என்று நம்பி, மின்னல் தாக்காதிருக்க வீட்டில் வைத்துக்கொண்டனர். 1723இல் பாரிசில் அந்துவான் தெ ஜுசியே, அமெரிக்கத் தீவுகளிலும் கனடாவிலும் வாழ்ந்த மக்கள் அன்றும் கையாண்ட கற்கருவிகளோடு இந்த ‘இடிக்கற்களை’ ஒப்பிட்டு, இவையும் இரும்பு அறியாத முன்னோரின் கருவிகளே என்று வாதிட்டார். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863 மே 30ஆம் நாள் சரளைக் குழியொன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரி, பிரான்சிலும் இங்கிலாந்திலும் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கண்டுபிடிப்புகளை அவர் அறிந்திராவிட்டால், சாலைக்குக் கொட்டும் சரளையோடு சரளையாகப் போயிருக்கும். அந்தக் கல்லை அதற்கு முன் எத்தனையோ பேர் மிதித்திருக்கக்கூடும்.

பயன் விளங்காதபோது ‘சடங்குப் பொருள்’ என்று எழுதிவிடுவது தொல்லியலாரின் வழக்கம் என்று அவர்களே தம்மைக் கேலி செய்துகொள்வதுண்டு. அமெரிக்க ஓவியர் டேவிட் மெக்காலே 1979இல் வெளியிட்ட நூலில், 4022ஆம் ஆண்டின் ஆய்வாளர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டுத் தங்கும் விடுதியைத் தோண்டி எடுத்து, கழிப்பிட இருக்கையின் வளையத்தைப் புனிதக் கழுத்தணி என்று முடிவுசெய்கிறார். கேலி நியாயமானதே, எனினும் அந்தக் கேலிக்கு அஞ்சிச் சடங்கு என்ற விடையை முற்றிலும் ஒதுக்குவதும் சரியன்று, ஏனெனில் மக்கள் உண்மையிலேயே சடங்குகளுக்கென்று பொருள்கள் செய்திருக்கின்றனர். பன்னிருமுகியின் குறைகளாகத் தோன்றியவற்றை ஒருங்கே நோக்கினால் இது புலப்படும். தேய்மானம் இல்லை, ஒரே அளவு இல்லை, எண்கள் இல்லை, வார்ப்பதற்குக் கடினம், அவற்றுள் சில நாணயப் புதையல்களோடு போற்றி வைக்கப்பட்டிருந்தன, ஜெர்மனியின் கெல்லெப் என்னும் இடத்தில் ஒன்று செல்வப் பெண்ணொருத்தியின் கல்லறையில் எலும்புத் தண்டின் அருகே கிடைத்தது, பரவிய பகுதி, ரோமானியர் வருமுன் கெல்டிய மக்களின் மரபுகள் செழித்திருந்த நிலத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது. வேலைக் கருவிக்கு இவையெல்லாம் முரண். குறிசொல்லுதலோ வழிபாடோ போன்ற, அரசு ஏடுகளில் இடம்பெறாத உள்ளூர் வழக்கத்துக்கு இவை இயல்பானவை. எந்தச் சடங்கு, அதில் அப்பொருள் என்ன செய்தது என்பது தெரியாதவரை இதுவும் பாதி விடையே என்றாலும், மற்ற விளக்கங்கள் மறைக்க வேண்டியிருந்த செய்திகளை இது மறைக்கவில்லை என்பது இதற்குச் சாதகம்.

விடை முன்னேறாமைக்குப் பொருளின் புதிர்த்தன்மையைவிடச் சேகரிப்பாளரின் பழக்கமே பெரிய காரணம். பழைய சேகரிப்புகளில் உள்ள பல பன்னிருமுகிகள் எந்த வயலில், எந்த ஆழத்தில், எதனருகே கிடைத்தன என்ற குறிப்பே இல்லாதவை; கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டுமென்று மண் நீக்கிக் கழுவித் துலக்கப்பட்டபோது, துளையோரத்தில் எஞ்சியிருந்திருக்கக்கூடிய எச்சங்களும் போயின. இதனால்தான், இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள நார்ட்டன் டிஸ்னி என்ற சிற்றூரில் 2023 கோடையில் உள்ளூர் வரலாற்றுக் குழுவின் தன்னார்வலர்கள் எடுத்த பன்னிருமுகி முக்கியத்துவம் பெறுகிறது. பிரிட்டனில் கிடைத்த 33ஆவதான அது, 8 செ.மீ. உயரம் கொண்டு, சற்றும் சிதையாமல் இருந்தது. உலோகத்தில் 75 விழுக்காடு செம்பும் 18 விழுக்காடு ஈயமும் 7 விழுக்காடு வெள்ளீயமும் கலந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அது தோண்டிய குழியோடும் அக்குழியில் உடன்கிடந்த மட்பாண்டங்களோடும் சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. ஒரு பெருங்குழியில் யாரோ வேண்டுமென்றே இட்டுச் சென்றதாகத் தோன்றும் அதன் சூழலை, அக்குழுவினர் மேற்கொண்டு அகழ்ந்து ஆராயவும் முடிகிறது.